விதி எங்கே எழுதியிருக்கிறது? பல மாவட்டத் தேர்தல் முறையை அமைவுக் கோப்பாக எழுதிப் பார்க்கும் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் வகுப்புத் தலைவர் தேர்தல். துண்டுச் சீட்டில் பெயர் எழுதிச் சாக்பீஸ் பெட்டியில் போடச் சொல்லி எண்ணினோம். இருவருக்குத் தலா 14 வாக்குகள். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. வருகைப் பதிவேட்டைத் திறந்து, யாருக்கு வருகை அதிகமோ அவரே தலைவர் என்று அறிவித்தேன். நியாயமான முடிவு என்றுதான் நினைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், வருகை அதிகம் இருந்தா ஜெயிக்கலாம்னு முன்னாடியே சொல்லலையே சார். அந்த விதி எங்க எழுதியிருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. எண்ணி முடித்த பிறகு நான் உண்டாக்கிய விதி அது. இருவரில் யார் ஒழுங்காகப் பள்ளிக்கு வருபவர் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆகவே, விதியைத் தேர்ந்தெடுத்தபோதே தலைவரையும் நானே தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அந்தக் கேள்வியிலிருந்து உருவானதுதான் இந்தப் பாடம். எங்கள் பள்ளியின் மேல்நிலைக் கணினி ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியராகிய நானும் சேர்ந்து இதை நடத்தினோம். ஒரு நாட்டின் தேர்தல் முறையைக் கணினி புரிந்துகொள்ளும் வகையில் வரி வரியாக ஒரு கோப்பில் எழுத முயன்றால், எந்த விதியையும் ஊகத்திற்கு விட முடியாது. பாடநூலில் ஒரே வாக்கியமாக உள்ள 'விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம்' எத்தனை தனித்தனி முடிவுகளால் ஆனது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்கிறார்கள்.

பாடத்தோடு உள்ள தொடர்பு

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'தேர்தல், அரசியல் கட்சிகள் மற்றும் அழுத்தக் குழுக்கள்' என்ற பாடம் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைதான் மொழியும், சி.எஸ்.வி கோப்புகளைக் கையாளுவதும் உள்ளன. ஈவு, மீதி, விழுக்காடு ஆகியவற்றைக் கணக்கில் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். இந்த மூன்றும் சந்திக்கும் இடம் இது.

இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர்கள்:

- ஒரு தேர்தல் முறையை அதன் தனித்தனி விதிகளாகப் பிரித்து எழுதுவர்.
- ஒரே வாக்குகள் வெவ்வேறு விதிகளின் கீழ் வெவ்வேறு முடிவு தருவதைக் கணக்கிட்டுக் காட்டுவர்.
- நிரலையும் விதிகளையும் ஏன் தனித்தனியே வைக்க வேண்டும் என்று விளக்குவர்.

அமைவுக் கோப்பு என்பது என்ன?

கைப்பேசியில் 'செட்டிங்ஸ்' பகுதியில் எழுத்தின் அளவையோ மொழியையோ மாற்றுகிறோம். அதற்காக யாரும் செயலியைத் திரும்ப எழுதுவதில்லை. மாறக்கூடியவை தனியாக ஓரிடத்தில் எழுதப்பட்டுள்ளன. செயலி அவற்றைப் படித்து நடக்கிறது. அப்படி நிரலுக்கு வெளியே, சாவியும் மதிப்புமாக எழுதி வைக்கும் கோப்பையே அமைவுக் கோப்பு என்கிறோம். பைதான் அகராதியில் மாணவர்கள் எழுதும் சாவி, மதிப்பு இணைகள்தாம் இவை. யூனிகோடு முறையில் சேமித்தால் சாவிகளைத் தமிழிலேயே எழுதலாம்.

தேர்தலுக்கு நாங்கள் மூன்று கோப்புகள் வைத்தோம்.

1. விதிக் கோப்பு: எப்படி இடங்களைப் பங்கிடுவது?
2. மாவட்டக் கோப்பு: எந்த மாவட்டத்திற்கு எத்தனை இடங்கள்?
3. வாக்குக் கோப்பு: எந்த மாவட்டத்தில் யாருக்கு எத்தனை வாக்குகள்?

ஒரே கோப்பில் எழுதினால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். "இவற்றை யார் மாற்றலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். விதியை மாற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு அல்லது நாடாளுமன்றத்துக்கு உரியது. மாவட்டங்களின் இடங்கள் மக்கள்தொகையையோ வாக்காளர் எண்ணிக்கையையோ ஒட்டி, சட்டம் சொல்லும் அமைப்பின் வழியாக மாறும். வாக்குகளைத் தருபவர் வாக்காளர் மட்டுமே. நிரல் எழுதுபவருக்கு இம்மூன்றில் எதையும் மாற்றும் உரிமை இல்லை. அவர் எண்ணிக் கொடுப்பவர் மட்டுமே. கோப்புகளைப் பிரிக்கும்போது அதிகாரங்களையும் பிரிக்கிறோம் என்பதை மாணவர்கள் இங்கே உணர்கிறார்கள்.

நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்

தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு 234 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஓர் இடம். மக்களவைக்கு 543 தொகுதிகள். அவற்றில் தமிழ்நாட்டில் 39. விதிக் கோப்பு மிகச் சிறியது:

தொகுதிக்கு இடங்கள்: 1
வெற்றி: அதிக வாக்கு பெற்றவர்
சமநிலை: குலுக்கல்

மூன்றாவது வரி 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவில் இருக்கிறது. இரு வேட்பாளர்கள் சமமான வாக்குகள் பெற்று, ஒரு வாக்கு கூடினால் ஒருவர் வென்றுவிடுவார் என்ற நிலை வந்தால், தேர்தல் அலுவலர் குலுக்கல் நடத்துவார். குலுக்கலில் வந்தவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றவராகக் கருதப்படுவார். இதை வகுப்பில் படித்துக் காட்டியபோது கடைசி பெஞ்சு மாணவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாடு எழுதி வைத்திருக்கும் வரியை நான் என் வகுப்பில் எழுதி வைக்கவில்லை.

22 மாவட்டங்கள்: இலங்கையின் முறை

ஒரு தொகுதியில் பல இடங்கள் இருந்தால்தான் பங்கீடு என்ற சிக்கலே எழுகிறது. இதற்கு இலங்கை நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டின் 1978 அரசியலமைப்பு விகிதாச்சார முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1989இல் நடந்தது. சட்டங்களும் முடிவுகளும் தமிழிலும் வெளியிடப்படுவதால், 'போனஸ் ஆசனம்', 'வெட்டுப்புள்ளி', 'தேசியப் பட்டியல்' என்ற சொற்கள் அங்கே தமிழில் வழக்கத்தில் உள்ளன. நாமும் அவற்றையே எடுத்துக்கொள்ளலாம்.

மொத்த இடங்கள்: 225
மாவட்ட இடங்கள்: 196
தேசியப் பட்டியல் இடங்கள்: 29
தேர்தல் மாவட்டங்கள்: 22
வெட்டுப்புள்ளி: 5 விழுக்காடு
வெட்டுப்புள்ளி பார்க்கும் அளவு: மாவட்டம்
போனஸ் இடம்: 1
பங்கீட்டு முறை: பெரிய மீதி

ஒவ்வொரு வரியையும் கேள்வியாக்குங்கள். 196 எப்படி வந்தது? 160 இடங்கள் மாவட்டங்களின் பதிவு பெற்ற வாக்காளர் எண்ணிக்கையை ஒட்டிப் பிரிக்கப்படுகின்றன. ஒன்பது மாகாணங்களுக்கும் தலா நான்கு என 36 இடங்கள் தனியாகச் சேர்கின்றன. வாக்காளர் எண்ணிக்கை மாறினால் மாவட்ட இடங்களும் மாறும். அதனால் அவை விதிக் கோப்பில் அல்லாமல் மாவட்டக் கோப்பில் இருக்க வேண்டும்.

இன்னொரு கவனம். இலங்கையில் நிர்வாக மாவட்டங்கள் 25. தேர்தல் மாவட்டங்கள் 22. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். வரைபடத்தைப் பார்த்து 25 வரிகள் எழுதிய குழுவினர் கூட்டல் ஒத்துவராமல் திரும்பி வந்தார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது தரவைக் கையாள்வோர் கற்க வேண்டிய முதற்பாடம்.

ஒரு மாவட்டத்தை எண்ணிப் பார்ப்போம்

வகுப்பில் உண்மையான கட்சிகளின் பெயர்களைப் பயன்படுத்த வேண்டாம். நாங்கள் மரங்களின் பெயர்களை வைத்தோம். கீழுள்ள எண்கள் கணக்கிற்காக நாமே வைத்துக்கொண்டவை. மாவட்டத்தின் இடங்கள் 7. செல்லுபடியான வாக்குகள் 3,00,000.

வேம்பு: 1,18,000
புங்கை: 92,000
பூவரசு: 46,000
நாவல்: 30,000
இலுப்பை: 14,000

படி 1. வெட்டுப்புள்ளி 5 விழுக்காடு, அதாவது 15,000. இலுப்பை வெளியேறுகிறது. மீதமுள்ள வாக்குகள் 2,86,000.

படி 2. அதிக வாக்கு பெற்ற வேம்புக்குப் போனஸ் இடம் ஒன்று. மீதி 6 இடங்கள்.

படி 3. 2,86,000ஐ 6 ஆல் வகுத்தால் 47,666.67. அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்த 47,667. ஓர் இடத்தின் 'விலை' இது.

படி 4. ஒவ்வொரு அணியின் வாக்கையும் இந்த விலையால் வகுக்கிறோம். வேம்புக்கு ஈவு 2, மீதி 22,666. புங்கைக்கு ஈவு 1, மீதி 44,333. பூவரசுக்கு ஈவு 0, மீதி 46,000. நாவலுக்கு ஈவு 0, மீதி 30,000. இதில் 3 இடங்கள் நிரம்பின.

படி 5. எஞ்சிய 3 இடங்கள் பெரிய மீதிகளுக்கு: பூவரசு, புங்கை, நாவல்.

முடிவு: வேம்பு 3, புங்கை 2, பூவரசு 1, நாவல் 1.

கட்சிக்குக் கிடைத்த இடத்தில் எந்த வேட்பாளர் அமர்வார் என்பதை அங்கே விருப்பு வாக்குகள் முடிவுசெய்கின்றன. தேசியப் பட்டியலின் 29 இடங்கள் நாடு முழுவதற்குமான வாக்குகளின் விகிதப்படி பங்கிடப்படுகின்றன. இவ்விரண்டையும் முதல் நாள் விட்டுவிடலாம். விதிக் கோப்பில் அவற்றுக்கும் வரிகள் உண்டு என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

ஒரு வரி மாறினால்

1978இல் எழுதப்பட்டபோது வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு. 1988இல் 15ஆவது திருத்தம் அதை இருபதில் ஒரு பங்காக, அதாவது 5 விழுக்காடாகக் குறைத்தது. அமைவுக் கோப்பில் இது ஒரே எண். பழைய எண்ணை வைத்துத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

12.5 விழுக்காடு என்றால் 37,500. இலுப்பையோடு நாவலும் வெளியேறுகிறது. மீதமுள்ள வாக்குகள் 2,56,000. ஆறால் வகுத்து உயர்த்த 42,667. வேம்புக்கு ஈவு 2, புங்கைக்கு 2, பூவரசுக்கு 1. எஞ்சிய ஓர் இடம் பெரிய மீதியான 32,666ஐ உடைய வேம்புக்கு. போனஸையும் சேர்த்தால் வேம்பு 4, புங்கை 2, பூவரசு 1.

நாவலுக்கு வாக்களித்த 30,000 பேரின் பிரதிநிதி மறைந்தார். 39 விழுக்காடு பெற்ற வேம்பு ஏழில் நான்கு பெற்றுப் பெரும்பான்மையானது. ஒரு வாக்குகூட இடம் மாறவில்லை.

எல்லா மாற்றங்களும் முடிவை மாற்றுவதில்லை. வெட்டுப்புள்ளியை மீண்டும் 5 ஆக்கி, போனஸ் இடத்தை 0 ஆக்கி, 7 ஆல் வகுத்துப் பாருங்கள். விலை 40,858. முடிவு 3, 2, 1, 1 என்று முன்போலவே வரும். "அப்படியானால் போனஸ் வீணா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். எந்த வாக்குகளுக்குப் போனஸ் முடிவை மாற்றும் என்று தேடச் சொல்லுங்கள். நல்ல வீட்டுப்பாடம்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதிய நிரலில் அமைவுக் கோப்பு இல்லை. 5 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே இரண்டு இடங்களில் எழுதியிருந்தேன்: அணியை வெளியேற்றும் இடத்தில் ஒன்று, மீதமுள்ள வாக்குகளைக் கூட்டும் இடத்தில் ஒன்று. 12.5 ஆக மாற்றும்போது முதலாவதை மட்டும் மாற்றினேன். நிரல் 4, 2, 1 என்று சரியான விடையையே காட்டியது. காகிதத்தில் கணக்கிட்ட குழுதான் கையை உயர்த்தியது. "சார், உங்க கம்ப்யூட்டர் 47,667னு காட்டுது. எங்களுக்கு 42,667 வருது." விடை தற்செயலாகச் சரியாக வந்ததால் பிழை ஒளிந்திருந்தது. வேறு வாக்குகளாக இருந்தால் ஓர் இடம் கைமாறியிருக்கும். ஒரு விதியை ஓரிடத்தில் மட்டும் எழுது என்று நிரலாக்கத்தில் சொல்வதன் காரணம் அன்று வகுப்புக்கே விளங்கியது.

ஸ்பெயின்: சமநிலைக்கும் ஒரு வரி

ஸ்பெயின் நாட்டின் கீழவைக்கு 350 இடங்கள், 52 தேர்தல் மாவட்டங்கள். 50 மாகாணங்களுக்கும் குறைந்தது இரண்டு இடங்கள் உண்டு. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூத்தா, மெலில்லா நகரங்களுக்குத் தலா ஒன்று. எஞ்சியவை மக்கள்தொகைப்படி. வெட்டுப்புள்ளி மாவட்டத்தில் 3 விழுக்காடு. எதனுடைய 3 விழுக்காடு என்பதும் கோப்பில் இருக்க வேண்டும்: அங்கே யாருக்கும் அளிக்காத வெற்று வாக்கும் செல்லுபடியான வாக்காகக் கணக்கில் சேரும்.

பங்கீடு டி ஹாண்ட் முறையில் நடக்கிறது. ஒவ்வொரு அணியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வரிசையாக வகுத்து, கிடைக்கும் ஈவுகளில் பெரியவற்றுக்கு இடங்களைத் தர வேண்டும். நம் வாக்குகளுக்கு முதல் ஏழு ஈவுகள்: 1,18,000, 92,000, 59,000, 46,000, 46,000, 39,333, 30,667. ஏழாவது இடம் புங்கையின் மூன்றாம் ஈவான 30,667க்குப் போகிறது. நாவலின் 30,000 சிறு வேறுபாட்டில் தவறுகிறது. முடிவு: வேம்பு 3, புங்கை 3, பூவரசு 1.

இப்போது மாவட்ட இடங்களை 7க்குப் பதில் 4 என்று மாற்றச் சொல்லுங்கள். முதல் மூன்று இடங்களில் சிக்கல் இல்லை. நான்காவது இடத்துக்கு இருவர் நிற்கிறார்கள்: பூவரசின் முதல் ஈவு 46,000, புங்கையின் இரண்டாம் ஈவும் 46,000. எங்கள் மாணவர்களின் நிரல் புங்கைக்கு இடத்தைக் கொடுத்தது. ஏன் என்று பார்த்தால், வாக்குக் கோப்பில் புங்கை முதலில் எழுதப்பட்டிருந்தது! வரிசையை மாற்றினால் பூவரசு வென்றது. எழுதாத விதியை நிரல் தானே ஒன்று வைத்து நிரப்பிக்கொண்டது, வருகைப் பதிவேட்டை வைத்து நான் நிரப்பிக்கொண்டது போலவே.

ஸ்பெயின் சட்டம் இதற்கு வரி எழுதியிருக்கிறது. ஈவுகள் சமமானால் மொத்த வாக்கு அதிகமுள்ள அணிக்கு இடம். மொத்த வாக்கும் சமமானால் முதல் சமநிலைக்குக் குலுக்கல், அடுத்தடுத்தவை மாறி மாறி. ஆகவே நம் நான்காவது இடம் புங்கைக்கே. விடை மாறவில்லை, ஆனால் இப்போது அதற்குக் காரணம் எழுதியிருக்கிறது.

ஸ்வீடன்: 1.4இலிருந்து 1.2க்கு

ஸ்வீடனில் 349 இடங்கள். 29 மாவட்டங்களில் 310 நிலையான இடங்கள், நாடளாவிய விகிதத்தைச் சரிசெய்ய 39 இடங்கள். அங்கே 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களால் வகுக்கும் செயிண்ட் லாகு முறை, சிறு மாற்றத்தோடு உள்ளது: முதல் வகுத்தி 1 அல்ல. முன்பு 1.4 ஆக இருந்தது. 2018 தேர்தலிலிருந்து 1.2. முதல் வகுத்தி பெரிதானால் ஓர் அணி தன் முதல் இடத்தைப் பெறுவது கடினம்.

நம் மாவட்டத்துக்கு 6 இடங்கள் என்று வைத்து இரண்டு எண்களையும் ஓட்டுங்கள். ஆறாவது இடத்துக்கு வேம்பின் மூன்றாம் ஈவும் நாவலின் முதல் ஈவும் போட்டியிடுகின்றன. வேம்பு: 1,18,000 ஐ 5 ஆல் வகுக்க 23,600. நாவல்: 30,000 ஐ 1.4 ஆல் வகுக்க 21,429. இடம் வேம்புக்கு. அதே 30,000 ஐ 1.2 ஆல் வகுக்க 25,000. இடம் நாவலுக்கு. தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள ஓர் இலக்கம் ஒரு பிரதிநிதியைத் தீர்மானிக்கிறது.

ஸ்வீடனின் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு வரிகள் தேவை: நாடு முழுவதும் 4 விழுக்காடு, அல்லது ஒரு மாவட்டத்தில் 12 விழுக்காடு. நாட்டளவில் 4ஐ எட்டாத கட்சியும், 12ஐ எட்டிய மாவட்டத்தின் நிலையான இடங்களுக்குப் போட்டியிடலாம். ஒரு பகுதியில் மட்டும் வலுவான கட்சியை இரண்டாம் வரி காக்கிறது. 'பார்க்கும் அளவு' என்று ஒரு சாவி ஏன் வேண்டும் என்பது இங்கே தெளிவாகும்.

எல்லைக் கோடுகளும் ஒரு விதிதான்

இனி விதிக் கோப்பைத் தொடாமல் மாவட்டக் கோப்பை மட்டும் மாற்றுவோம். மூன்று மாவட்டங்கள், ஒவ்வொன்றிலும் 3 இடங்கள். மூன்றிலும் வேம்பு 50,000, புங்கை 38,000, பூவரசு 12,000. டி ஹாண்ட் முறையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேம்பு 2, புங்கை 1. மொத்தம் வேம்பு 6, புங்கை 3, பூவரசு 0.

மூன்றையும் ஒரே மாவட்டமாக்கி 9 இடங்கள் கொடுங்கள். வாக்குகள்: 1,50,000, 1,14,000, 36,000. இப்போது வேம்பு 5, புங்கை 3, பூவரசு 1. எட்டாவது இடம் பூவரசின் 36,000க்குக் கிடைக்கிறது. வாக்காளர் அவர்களே, வாக்குகளும் அவைதாம். மாவட்டங்களைப் பிரித்த கோடுகள் மட்டுமே அழிந்தன. எங்கும் சிதறி வாழும் சிறுபான்மைக் கருத்துக்குச் சிறிய மாவட்டங்கள் எப்படிக் கதவை அடைக்கின்றன என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவிலும் மாவட்டக் கோப்பு போன்ற ஒன்று உண்டு. மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும், இன்றுள்ள தொகுதி எல்லைகள் பெரும்பாலும் 2001 கணக்கெடுப்பையும் அடிப்படையாகக் கொண்டவை. எந்தக் கணக்கெடுப்பு என்பதும் கோப்பில் எழுத வேண்டிய ஒரு வரியே.

கோப்பைச் சரிபார்த்தல்

வாக்குகளை எண்ணும் முன் கோப்பை நிரல் சோதிக்க வேண்டும். மாணவர்கள் எழுத வேண்டிய சோதனைகள்:

1. மாவட்டங்களின் இடங்களைக் கூட்டினால் 'மாவட்ட இடங்கள்' வரியோடு ஒத்துப்போகிறதா? அதனுடன் தேசிய இடங்களைச் சேர்த்தால் மொத்தம் வருகிறதா? 196 + 29 = 225; 310 + 39 = 349.

2. வாக்குக் கோப்பிலுள்ள ஒவ்வொரு மாவட்டப் பெயரும் மாவட்டக் கோப்பில் அதே எழுத்துகளில் இருக்கிறதா? தமிழில் ஓர் ஒற்று மாறினாலும் கணினிக்கு அது வேறு ஊர்.

3. இடம் 1 என்று கொடுத்தால், எந்த முறையிலும் அதிக வாக்கு பெற்றவரே வெல்ல வேண்டும். சியூத்தாவும் நம் ஊர்த் தொகுதியும் ஒன்றாகும் இடம் இது. இலங்கை முறையில் 1 கொடுத்தால் போனஸ் போக மீதி 0. நிரல் பூச்சியத்தால் வகுக்கப் போய் நின்றுவிடும். அதை முன்கூட்டியே கண்டு 'இந்த முறைக்குக் குறைந்தது 2 இடங்கள் வேண்டும்' என்று சொல்ல வேண்டும்.

4. சாவி ஒன்று விடுபட்டிருந்தால் நிரல் தானாக ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளக் கூடாது. 'சமநிலை விதி எழுதப்படவில்லை' என்று சொல்லி நிற்க வேண்டும்.

நான்காவது சோதனையே இந்தப் பாடத்தின் உயிர். விடுபட்ட வரியை எண்ணும் முன் கண்டுபிடித்தால் அதை எல்லோரும் சேர்ந்து பேசி எழுதலாம். எண்ணிய பின் கண்டுபிடித்தால், யாருக்கு நன்மை என்று தெரிந்த ஒருவர்தான் அதை எழுதுவார்.

வகுப்பில் நடத்தும் முறை

நான்கு பாடவேளைகள் போதும். முதல் வேளையில் சமநிலைக் கதையும் மூன்று கோப்புகளும். இரண்டாம் வேளையில் இலங்கை முறையைக் கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து செய்தல். மூன்றாம் வேளையில் நாட்டுக்கு ஒரு குழுவாகப் பிரிந்து, தம் விதிக் கோப்பை எழுதி அதே வாக்குகளை எண்ணுதல். நான்காம் வேளையில் முடிவுகளை ஒரே அட்டவணையில் ஒட்டிக் கலந்துரையாடுதல்.

கணினி ஆய்வகம் இல்லாத பள்ளிகளில் அட்டைகளே போதும். ஒரு சாவிக்கு ஓர் அட்டை. மதிப்பைப் பென்சிலில் எழுதி அழித்து மாற்றலாம். ஒரு மாணவர் 'நிரல்' ஆக இருப்பார். அட்டையில் எழுதாத எதையும் அவர் செய்யக் கூடாது. இந்த விளையாட்டில் விடுபட்ட விதிகள் மிக வேகமாக வெளிப்படுகின்றன. கணினி உள்ள பள்ளிகளிலும் ஒரு குழு காகிதத்தில் கணக்கிட வேண்டும் என்பது என் பரிந்துரை. என் பிழையைக் கண்டுபிடித்தது அவர்கள்தாமே.

எந்த முறை சிறந்தது என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வெட்டுப்புள்ளி கூடினால் சிறு அணிகள் மறையும். ஆட்சி அமைப்பது எளிதாகலாம். குறைந்தால் பல குரல்கள் அவைக்கு வரும்; உடன்பாடு காண்பது கடினமாகலாம். இரு பக்கமும் மாணவர்களே வாதிடட்டும்.

மதிப்பீடு

1. இலங்கை முறையில் நம் மாவட்டத்துக்கு 8 இடங்கள் இருந்தால் பங்கீடு என்ன? (விடை: வேம்பு 4, புங்கை 2, பூவரசு 1, நாவல் 1)

2. கீழுள்ளவை எந்தக் கோப்பில் இருக்க வேண்டும்? காரணம் கூறுக: முதல் வகுத்தி, ஒரு மாவட்டத்தின் இடங்கள், வெற்று வாக்குகளின் எண்ணிக்கை, வெற்று வாக்கு செல்லுமா என்பது.

3. உங்கள் வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு ஒரு விதிக் கோப்பு எழுதுக. இன்னொரு குழுவிடம் கொடுத்து, அதில் பதில் இல்லாத ஒரு சூழலைக் கண்டுபிடிக்கச் சொல்க.

மூன்றாம் கேள்வியை நாங்கள் தேர்வாக வைக்கவில்லை, நடைமுறையாகவே வைத்துக்கொண்டோம். அடுத்த தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு ஒன்பது வரிகள் கொண்ட தாள் ஒன்று வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டது. யார் போட்டியிடலாம், வராதவர் வாக்கு என்னாகும், பெயரைப் பிழையாக எழுதிய சீட்டு செல்லுமா, எண்ணும்போது யார் யார் அருகில் இருப்பார்கள் என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஒன்பதாவது வரி: 'சமமாக வந்தால் அன்றே மறுவாக்கு, மீண்டும் சமமானால் குலுக்கல்.' அதன் அருகில் பச்சை மையில் ஒரு குறிப்பு: 'இதைச் சாரும் மாற்ற முடியாது.' கையெழுத்து யாருடையது என்று நான் கேட்கவில்லை.